கோவிந்தன் விழுந்தான், ஏணி விழவில்லை

1. ரிஜிஸ்டரில் இருந்தது

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். அதில் பதினோரு வருடம் மிளகு சீசனில் ஏணி பிடித்தேன். அத்தனை வருடத்தில் என் ஏணியிலிருந்து கீழே விழுந்தவன் ஒருவன்தான். அவன் பெயர் கோவிந்தன். வயது முப்பத்திரண்டு. அவன் செத்த அன்று சாயங்காலம் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ரிஜிஸ்டரில் இப்படி எழுதினார்: "ஏணி வழுக்கியது. பிடித்திருந்த பொன்னாயியின் கவனக்குறைவு."

பொன்னாயி நான்தான். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்த இரண்டு வரியையும் ஆபீஸில் நின்றபடியே விரல் வைத்துப் படித்தேன்.

"ஏனுங்க ரைட்டர், ஏணி வழுக்கலீங்களே. மரத்துல சாத்துன எடத்துலயே இன்னும் நிக்குது. வந்து பாருங்க" என்றேன்.

"நீ சொல்றதெல்லாம் எழுத முடியாது பொன்னாயி. ஒரு ஆளு செத்திருக்கான். காரணம்னு ஒண்ணு எழுதோணும்ல?"

"அதுக்கு நாந்தான் கெடைச்சனுங்களா?"

"கைநாட்டு வெச்சுட்டுப் போ. பேச்ச வளக்காத."

கைநாட்டு வைக்க மாட்டேன், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதையும் இதில் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் போடாவிட்டால் என்ன, மேஸ்திரி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவர் அந்த நேரத்தில் அடுத்த மேட்டில் இருந்தார்.

ரைட்டர் ஏன் அப்படி எழுதினார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மரம் ஏறுகிற ஆளுக்கு இடுப்பில் கட்ட எஸ்டேட் கயிறு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அந்தப் பேச்சு எழுந்துவிடக் கூடாது. அதற்கு, கீழே நின்ற பொம்பளை மேல் பழியைப் போட்டால் வேலை முடிந்தது. அடுத்த நாளே என்னை ஏணியிலிருந்து எடுத்துக் களை வெட்டப் போட்டார்கள். ஊரில் எனக்கு ஏணியை விட்டவள் என்று பேர் வந்தது. கோவிந்தனின் பெண்சாதி மல்லிகா, நாலு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னவர்கள் அப்படிச் சொல்லியிருந்தார்கள்.

2. ஏணி பிடிக்கிற வேலை

ஏணி பிடிப்பது ஒரு வேலையா என்று மிளகுத் தோட்டம் பார்க்காதவர்கள் கேட்பார்கள். எங்கள் மலையில் மிளகுக்கொடியைச் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிடுவார்கள். மரம் போகிற உயரத்துக்குக் கொடியும் போகும். பறிக்க ஏறுகிற ஏணி ஒத்தை மூங்கில். இரண்டு பக்கமும் கணு விட்டு வெட்டியிருக்கும், அந்தக் கணுவில்தான் கால் வைக்க வேண்டும். அடியில் ஒரு ஆள் பாதத்தை முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, மேலே போகிறவனின் கனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். அண்ணாந்து பார்க்கக் கூடாது, கண்ணில் தூசி விழும். மூங்கிலின் அசைவிலேயே மேலே அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியும். வலது கையால் பறிக்கிறானா, சாக்கைச் சரி செய்கிறானா, பீடி தேடுகிறானா, எல்லாம் தெரியும். சீசன் முழுக்க ஏறுகிறவனும் பிடிக்கிறவளும் ஜோடி மாற மாட்டார்கள். கோவிந்தனுக்கு ஐந்து சீசன் நான்தான் பிடித்தேன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

ஏறுகிற வேலை எங்கள் பக்கம் குடும்பத்துக் குடும்பமாகப் போகும். கோவிந்தன் வீட்டில் எல்லோரும் ஏறுவார்கள். அந்த வீட்டு ஆட்களுக்கு மேலே போனால் சில சமயம் கண் இருட்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குக் கொடி மயக்கம் என்று பேர் வைத்திருந்தோம். மிளகு வாடை தலைக்கு ஏறுகிறது என்பார்கள். வைத்தியமும் வைத்திருந்தோம். காலையில் வெறும் வயிற்றோடு ஏற வேண்டும், மதியம் வேலை முடிகிற வரைக்கும் தண்ணீர் குடிக்கக் கூடாது. வயிறு லேசாக இருந்தால் தலை கனக்காதாம். தண்ணீர் குடிக்காவிட்டால் நடுவில் இறங்கவும் வேண்டியதில்லை. மேஸ்திரிக்கும் அது சௌகரியம்.

அன்றைக்குப் பத்து மணி இருக்கும். மூன்றாவது மரம். மேலே இருந்து கேட்டான்.

"அக்கா, தொண்ட வரளுது. கொஞ்சம் தண்ணி ஊத்துனா எறங்கி வரேன்."

"இன்னும் ரெண்டு மரந்தான் சாமி. குடிச்சின்னா மயக்கம் வரும். முடிச்சுட்டு வா, கூசா நெறையத் தண்ணி தரேன்."

"நீங்க மேஸ்திரிக்கு மேல இருக்கீங்க" என்று சிரித்தான்.

கொஞ்ச நேரத்தில் என் முகத்தில் மிளகுச் சரம் கொட்டியது. பறித்த சரத்தை ஒருவனும் கீழே போட மாட்டான், சாக்கில்தான் போடுவான். அண்ணாந்தேன். இரண்டு கையும் விரிந்து தொங்கின. தலை பின்னால் சாய்ந்தது. கால் அப்போதும் கணுவில்தான் இருந்தது. அப்புறம்தான் முழங்கால் மடங்கியது. சத்தம் இல்லை. கொடியைப் பிடிக்க ஒரு விரல் கூட நீளவில்லை. ஈரச் சாக்கு மாதிரி வந்தான். அவன் தரையில் கிடந்தபோது நான் ஏணியைப் பிடித்தபடியே நின்றேன், ஏணி நின்றது.

கால் வழுக்கி விழுகிறவனை நான் பார்த்திருக்கிறேன். கத்துவான். கை இறுகும். கொடியை உருவிக்கொண்டு, இலையும் காயுமாக வருவான். இது அது இல்லை. இதை ரைட்டரிடம் சொன்னேன், மேஸ்திரியிடம் சொன்னேன், விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் சொன்னேன். சேலத்தில் அறுத்துப் பார்த்துத் தலையில் அடி என்று எழுதி அனுப்பினார்கள். தலையில் அடி பட்டிருந்தது உண்மைதான். அதோடு எல்லோருக்கும் போதுமாகிவிட்டது.

3. முருகேசன் கேட்டது

இருபத்திரண்டு வருடம் போயிற்று. நான் வேலையை விட்டு ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்குக்குப் பின்னால் மகளோடு இருக்கிறேன். போன வருடம் ஒரு நாள் செம்மநத்தம் கிராமத்திலிருந்து கோவிந்தனின் மகன் முருகேசன் வந்து வாசலில் நின்றான். இருபத்தாறு வயது. அப்பனைப் போலவே தோள்.

"அத்த, உள்ள வரலாமுங்களா?"

"உங்கம்மாகிட்டக் கேட்டுட்டு வந்தியா?"

"அம்மாவுக்குத் தெரியாதுங்க."

அவனும் அதே எஸ்டேட்டில் மிளகு ஏறுகிறவன். மேலே இருக்கும்போது கண் இருட்டி, கொடியைக் கட்டிக்கொண்டு தப்பியிருக்கிறான். நினைவு போனதா, வெறும் தலைச்சுற்றலா என்று அவனுக்கே தெரியவில்லை. பெண்சாதி விடாமல் சேலத்துக்கு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்கிறாள். நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இதயத்துச் சுவர் தடித்திருக்கிறது, இது பரம்பரையாக வருவது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"உங்கூட்டுல சின்ன வயசுல திடீர்னு யாராச்சும் செத்துருக்காங்களான்னு டாக்டரம்மா கேட்டாங்க. அப்பா ஏணியில இருந்து உழுந்து செத்தாருன்னேன். அப்ப அது விபத்து, இதுல சேராதுன்னு எழுதிக்கிட்டாங்க. நெஞ்சுல ஒரு பெட்டி வெப்பாங்களாமுங்க, இதயம் தப்பா துடிச்சா அது ஒதச்சு எழுப்புமாம். எனக்கு அது வேணுமா, மாத்திரை மட்டும் போதுமான்னு அவுங்களுக்கே சந்தேகமா இருக்குது." அப்புறம் கேட்டான். "நீங்க ஏணிய உட்டீங்களா அத்த? கோவமில்லீங்க. நெசத்தச் சொல்லுங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவன்தான். மற்றவர்கள் எல்லோரும் நான் விட்டேன் என்று எனக்கே சொன்னார்கள். ஒருவரும் கேட்கவில்லை. வந்த ஆத்திரத்துக்கு அவனுக்குக் காப்பி கூடக் கொடுக்கத் தோன்றவில்லை.

"நாளைக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்று மட்டும் கேட்டேன்.

4. சேலத்தில்

ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் வரிசையில் உட்கார்ந்தோம். முருகேசன் பேர் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். வாசலில் நின்ற சின்ன டாக்டர், என் வெற்றிலை வாயையும் செருப்பில்லாத காலையும் பார்த்தார்.

"பாட்டி, கூட்டம் போடாதீங்க. பேஷண்ட் மட்டும் உள்ள வரட்டும்."

"நான் கூட்டமில்லீங்க தம்பி. சாட்சி."

"சாட்சியா? இது கோர்ட் இல்ல பாட்டி."

"கோர்ட்டா இருந்தா இன்னேரம் கேட்டிருப்பாங்க. இவங்கப்பன் எப்படிச் செத்தான்னு தப்பா எழுதி வெச்சுருக்கீங்க. அத மாத்தோணும். மாத்துனப்பறம் நான் போறேன்."

சத்தம் கேட்டு உள்ளே இருந்த டாக்டரம்மா வரச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். நான் சொல்லச் சொல்ல நடுவில் பேசாமல் கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கை முதல்ல விட்டுதா, கால் முதல்ல வழுக்குச்சா?"

அந்த அறையில் திரைச்சீலை கட்டிய இரும்புக் கம்பம் ஒன்று நின்றது. அதைப் பிடித்து, இப்படி நின்றான், இப்படிக் கை விரிந்தது, தலை இப்படிப் போனது, அப்புறம்தான் முழங்கால் என்று செய்து காட்டினேன். இன்னொரு முறை செய்யச் சொன்னார். செய்தேன். சின்ன டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"விழறதுக்கு முன்னாடியே அவருக்கு நினைவு போயிருக்கும்மா. இதயம் தாறுமாறாத் துடிச்சு நின்னிருக்கணும். இது எங்களுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இதயத் தசை சுருங்கி விரிய, உடம்பு சில சரக்கு செய்கிறது. அதை எப்படிச் செய்வது என்ற குறிப்புக்கு ஜீன் என்று பேர். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு குறிப்பு வரும். கோவிந்தன் கொடுத்த குறிப்பில் ஒரு துண்டு பிழையாக இருந்திருக்கிறது. அந்தப் பிழையோடு தசை செய்தால் அது ஓயாமல் இறுகி இறுகிச் சுவர் தடித்துவிடும், சிலருக்கு ரத்தம் வெளியே போகிற வழியும் அடைக்கும். அப்படிப்பட்ட ஆளின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முருகேசன் ரத்தத்தைப் பார்த்ததில் அந்தப் பிழையும் தெரிந்துவிட்டது.

எங்கள் எஸ்டேட் நர்சரியில் காப்பி நாற்று ஒவ்வொரு பாத்திக்கும் எந்தத் தாய்ச்செடியின் விதை என்று தகரத்தில் எழுதிக் குத்தி வைப்பார்கள். ஒரு தாய்ச்செடி பட்டுப்போனால் அதன் நாற்றையெல்லாம் தேடிப் பிடித்துப் பார்ப்பார்கள். ஒரு மனிதன் முப்பத்திரண்டு வயதில் செத்தான், அவன் பிள்ளையைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதே பிள்ளையை அதே மரத்தில் ஏற்றினார்கள்.

"இதுக்கு மருந்து இருக்குதுங்களா?" என்று முருகேசன் கேட்டான்.

"துடிப்ப அடக்குற மாத்திரை இருக்கு. இறுக்கத்தையே தளர்த்துற புது மாத்திரை ஒண்ணு வந்திருக்கு, அது எல்லாருக்கும் ஒத்துக்காது, அளவு பாத்துப் பாத்துத் தரணும். வழி அடைச்சா தடிப்பச் செதுக்கி எடுக்கிற ஆபரேஷன் இருக்கு. அந்த ஜீன் பிழையவே சரி பண்ண ஆராய்ச்சி நடக்குது, அதுக்கு இன்னும் நாளாகும்."

"அது வர்ற வரைக்கும் நான் மரத்துல ஏறாம இருந்தாப் போதுமுங்களா?"

"அது வந்தாலும் ஏறாதப்பா" என்றார் டாக்டரம்மா. சின்ன டாக்டர் கூடச் சிரித்துவிட்டார்.

அப்போது அவர் இன்னொன்றும் சொன்னார். வெயிலில் வேலை செய்தால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், உடம்பில் தண்ணீர் குறைந்தால் இந்த வியாதிக்காரர்களுக்கு மயக்கம் வரும் என்றார்.

நான் பேசாமல் வந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் நெசத்தைச் சொல்ல வந்தவள் பாதியைச் சொல்லிவிட்டு வரக் கூடாது. "அன்னைக்கு அவன் தண்ணி கேட்டானுங்க. நாந்தான் வேண்டாம்னேன்" என்றேன். முருகேசன் பக்கம் திரும்பவில்லை.

"இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேம்மா. அதுவும் கொஞ்சம் சேந்திருக்கலாம். ஆனா அவர் இதயம் அப்படி இருந்ததுக்கு நீங்க காரணமில்ல. தண்ணி குடிச்சிருந்தாலும் அன்னைக்கோ மறுநாளோ நடந்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

நான் செய்யாததை ரிஜிஸ்டரில் எழுதினார்கள். செய்ததை யாரும் எழுதவில்லை. அதை நான்தான் சுமக்கிறேன், சுமப்பேன். ஆனால் ரைட்டர் எழுதியதைச் சுமக்க மாட்டேன்.

டாக்டரம்மா முருகேசனின் பேப்பரில் பழையதை அடித்துவிட்டு இங்கிலீஷில் எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "அப்பா, முப்பத்திரண்டு வயது, திடீர் இதய மரணம். நேரில் பார்த்தவர் சொன்னது" என்று படித்துக் காட்டினார்.

"ஏணி வழுக்கலைன்னும் எழுதுங்க."

"வைத்தியத்துக்கு அது தேவையில்லைம்மா."

"எனக்குத் தேவைங்க."

எழுதினார்.

5. பெட்டி

அப்பனைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரியால், பெட்டி வேண்டுமா என்ற சந்தேகம் தீர்ந்தது. காப்பீட்டு அட்டையில் முருகேசனுக்கு நெஞ்சுத் தோலுக்கு அடியில் அந்தச் சின்னப் பெட்டியை வைத்தார்கள். அவன் மகளின் ரத்தத்தையும் பார்த்தார்கள், அவளுக்கு அந்தப் பிழை இல்லை. அவன் இப்போது பழக்கடை வைத்திருக்கிறான். எட்டு மாதம் கழித்து, கடைக்கு முன்னால் கூடை தூக்கும்போது அந்தப் பெட்டி அவனை ஒரு உதை உதைத்தது. குதிரை உதைத்த மாதிரி இருந்தது என்றான். சேலத்தில் பெட்டியைச் சோதித்துப் பார்த்து, அது உதைக்காவிட்டால் அன்றோடு முடிந்திருக்கும் என்று சொன்னார்கள்.

மறுநாள் மல்லிகா வந்தாள். இருபத்திரண்டு வருடமாகச் சந்தையில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்டால் கொடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அக்கா, உழுந்தப்ப அவருக்கு வலிச்சிருக்குமா?"

"இல்ல கண்ணு. கீழ வரும்போதே அவன் இல்ல."

அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருடமும் அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். ரிஜிஸ்டரில் நிஜத்தை எழுதியிருந்தால், அந்த ஒரு துயரமாவது அவளுக்கு இல்லாமல் இருந்திருக்கும். அந்த ரைட்டர் ரிடையர் ஆகிச் சேலத்தில் மகன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார் என்று கேள்வி.

6. பெரட்டில்

டாக்டரம்மா கோவிந்தனின் ரத்த சொந்தம் எல்லோரையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார். கோவிந்தனுக்கு ஒரு தங்கச்சி உண்டு, பழனியம்மா. அவள் மகன் சின்ராசு, இருபது வயது, அதே எஸ்டேட்டில் ஏணி ஏறுகிறான். நான் நாலு தடவை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"எங்க வம்சத்துல வியாதியே இல்லீங்க அக்கா. வேலையத்துப் போயி ஊட்டுல புள்ளையப் பயமுறுத்தாதீங்க. நாளைக்கு அவனுக்குப் பொண்ணு தேடோணும்" என்றாள் பழனியம்மா.

"பொண்ணு தேடறதுக்கு மொதல்ல அவன் இருக்கோணும்ல?"

"வாயில நல்ல வார்த்தயே வராதா உங்களுக்கு?"

எஸ்டேட் மேனேஜரிடம் போனேன். புதுசாக வந்தவர், மரியாதையாகத்தான் பேசினார். ஏறுகிற ஆட்களிடம் மயக்கம் வந்ததுண்டா, குடும்பத்தில் சின்ன வயசில் யாராவது செத்ததுண்டா என்று இரண்டு கேள்வி கேளுங்கள் என்றேன். ஆர்டர் வந்தால் கேட்கிறோம் அம்மா என்றார். யார் ஆர்டர் போட வேண்டும் என்று கேட்டேன். அவர் ஃபைலை எடுத்து விரித்துக்கொண்டார்.

அதனால் இந்த வருடம் மிளகு சீசனின் முதல் நாள், பேர் கூப்பிடுகிற காலைப் பெரட்டுக்கு நானே போனேன். ஏணியோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

"அத்தைக்கு மறுபடியும் ஏணி புடிக்க ஆசை வந்துருச்சுடோய்" என்றான் ஒருவன். "யாருப்பா அந்த அதிர்ஷ்டசாலி?"

சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். கோவிந்தன் எப்படிச் செத்தான், முருகேசன் எப்படிப் பிழைத்தான் என்று சொன்னேன். தண்ணீர் கொடுக்காததையும் சொன்னேன். அப்புறம் கேட்டேன், "மேல இருக்கையில கண்ணு இருட்டுனவன் எவன்? கொடி மயக்கம்னு சொல்லாதீங்க. அப்படி ஒண்ணு கெடையாது. நாங்க வெச்ச பேரு அது."

ஒருவரும் அசையவில்லை. ஏணி ஆளுக்குக் கூலி அதிகம். கை தூக்கினால் களைக்குப் போட்டுவிடுவார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

சின்ராசு தோளிலிருந்த மூங்கிலைக் கீழே வைத்தான்.

"போன சீசன்ல ரெண்டு தடவைங்க, பெரியம்மா."

பறிக்கிற பெண்கள் வரிசையிலிருந்து பழனியம்மா ஓடி வந்தாள். "ஏண்டா ஒளர்ற? காத்தால சோறு திங்காம வந்திருப்ப. மேனேஜர் சார், அவன் சும்மா சொல்றானுங்க."

"அம்மா, நீ சும்மா இரு. கண்ணு இருட்டி, புடிச்ச கை தானா உட்டுப்போயி நின்னேன். எனக்கில்ல தெரியும்."

அடுத்த நாள் அவனோடு சேலத்துக்குப் போனேன். அவனுக்கும் சுவர் தடித்திருந்தது. முருகேசன் அளவுக்கு இல்லை. மாத்திரை கொடுத்து, வருடா வருடம் வரச் சொன்னார்கள். இப்போது நர்சரியில் நாற்றுக்குத் தண்ணீர் விடுகிறான்.

மலை வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உங்கள் வீட்டில் சின்ன வயசில் செத்தவர்களை விழுந்தான், பேய்க்காத்து அடித்தது, குடித்தான் என்று மற்றவர்கள் சொன்ன வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் நின்றது யார் என்று தேடிப் பிடித்துக் கேளுங்கள். அவளுக்குப் படிப்பு இல்லாமல் இருக்கலாம், கண் இருக்கும். கேட்டதைக் கொண்டுபோய் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் காது கொடுத்துக் கேட்கிறவரைக்கும் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

பழனியம்மா என்னோடு பேசுவதில்லை. அவள் வீட்டுக்கு நான்தான் வியாதியைக் கொண்டுவந்தேன் என்று குழாயடியில் சொல்லிக்கொண்டு இருக்கிறாள். சொல்லட்டும். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், மாத்திரை போட்டாயா என்று தினமும் மகனைத் திட்டுகிறாளாம். திட்டுவதற்கு அவன் இருக்கிறான்.